விவாகச் செலவும் சமூகக் கட்டுப்பாடும்

மனித வாழ்க்கையில் நிகழும் சுபகாரியங்களுள் விவாகமே தலையாயது என்பதில் எவருக்கும் ஆட்சேபமிராது. அத்தகைய சுபகாரியமே ஒரு குடும்பத்தின் நிலம் ஈட்டுக்குப் போவதற்கும், பிள்ளைகளின் படிப்பு நடுவில் நிற்பதற்கும், சகோதரர் மனஸ்தாபப்பட்டுப் பிரிவதற்கும் காரணமாகி விடுகின்றதென்றால், அது நம் சமூகத்தார் ஆழ்ந்து ஆலோசிக்க வேண்டிய விஷயமன்றோ? சிக்கனத்தைப் பற்றிய உபதேசம் நம்மவருக்குப் புதிதன்று. மகாநாட்டு மேடையில் விவாகச் செலவைக் குறைக்க வேண்டுமென்று கையுயர்த்திவிட்டு, அடுத்த முகூர்த்தத்திலேயே தெருவடைக்கப் பந்தலிடும் கனவான்களும் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. ஆதலின் உபதேசத்தைச் சற்றே ஒதுக்கி வைப்போம். விவாகச் செலவு எவ்வாறு வளர்ந்தது, அதைக் குறைக்க முயன்றவர் யாவர், அவருள் வென்றவர் எவ்வாறு வென்றனர், தோற்றவர் ஏன் தோற்றனர் என்னும் வரலாற்றை, திண்டுக்கல் நகரத்தையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் மனத்திற் கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

விருந்தோம்பலைப் பழிப்பது நமது நோக்கமன்று. உற்றார் கூடி உண்பதும் வாழ்த்துவதும் விவாகத்திற்கு உயிர் போன்றவை. ஆயினும் ஒரு நாள் மகிழ்ச்சியின் விலையைப் பின்னர் யார் கொடுக்கின்றார் என்று கணக்குப் பார்ப்பவர் நம்மிடையே மிகச் சிலரே. அந்தக் கணக்கைப் பார்ப்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பண்டைத் தமிழர் மணம்

பழைய வழக்கம் என்று சொல்லியே இன்று பல ஆடம்பரங்களைச் செய்கின்றோம். பழைய வழக்கம் யாது? அகநானூற்றில் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழாரும், 136-ஆம் பாட்டில் விற்றூற்று மூதெயினனாரும் அக்காலத்து மணவினையைக் காட்டுகின்றனர். உளுந்து கூட்டிச் சமைத்த பொங்கலும் சோறும் வந்தவர்க்கு இடப்படுகின்றன. பந்தரின் கீழ்ப் புதுமணல் பரப்பி விளக்கேற்றி வைக்கின்றனர். திங்களும் உரோகிணியும் கூடிய நல்ல நாளின் விடியற்காலத்தில் முதுபெண்டிர் நீர்க்குடம் கொணர, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். மணலும் நீரும் பூவும் நெல்லும் சோறுமே அம்மணத்திற்கு வேண்டிய பொருள்கள். இவற்றுள் கடன் வாங்கிக் கொணர வேண்டியது யாதொன்றுமில்லை.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் காண்பது வேறு. புகார் நகரத்துப் பெருவணிகர் இருவர் தம் மக்கட்கு மணஞ்செய்கையில், யானைமேல் மகளிரை ஏற்றி ஊருக்கு அறிவிக்கின்றனர். முத்துப்பந்தரின் கீழ் மணம் நிகழ்கின்றது. ஆகவே எளிய மணம், பெருமித மணம் என்னும் இரண்டு வழிகளும் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டே இருந்தன. பெருவணிகர் தம் கையிலிருந்த பொருளைச் செலவிட்டனர். அவரைப் போல் செலவிட வேண்டுமென்று சிறுகுடியினரும் நினைக்கத் தொடங்கியதே பிற்காலத்து நோய்.

நமது சமவெளியின் பழைய ஏற்பாடு

கிழக்கே சிறுமலையும் மேற்கே கொடைக்கானல் மலைகளும் நிற்க, இடையே குடகனாறு வடக்கு நோக்கி ஓடும் நிலமே திண்டுக்கல் சமவெளி. பெரும்பாலும் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கொண்ட பூமியாதலின், சோளமும் கம்பும் புகையிலையும் நிலக்கடலையும் இங்கே பயிராயின. அறுவடை முடிந்து தானியம் வீட்டுக்கு வந்தபின், தை பிறந்து விவாகங்கள் நடந்தன. பஞ்சாங்கம் ஒரு காரணமாயினும், குதிரில் தானியமிருப்பதே உண்மையான முகூர்த்தம் என்பதைக் குடியானவர் அறிந்திருந்தனர்.

பந்தலுக்குத் தென்னங்கீற்றும் பனையோலையும் ஊரிலேயே கிடைத்தன. வாழைத்தார், காய்கறி, விறகு முதலியவற்றை உறவினர் வண்டியில் கொணர்ந்தனர். அண்டாவும் குண்டாவும் பல வீடுகளிலிருந்து இரவலாக வந்தன. சமைத்தவரும் பரிமாறியவரும் பங்காளிகளும் மாமன் மைத்துனருமே. பல வகுப்பாரிடையே மணமகன் வீட்டார்தாம் பரிசம் கொடுத்துக் கூறைப்புடவை எடுத்து, தம் வீட்டிலேயே மணத்தை நடத்தினர். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்குமே மணம் பேசப்பட்டமையால், ஒரு வீட்டுப் பொருள் மறுவீட்டிற் புகுந்து மீண்டும் திரும்பி வந்தது. இன்று மணமகளின் தந்தை தலைமேல் விழும் பாரத்தில் பெரும்பகுதி அன்று இல்லை. பரிசம் மறைந்து வரதட்சிணை அதனிடத்தைப் பிடித்துக் கொண்டது இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாறுதலேயாம்.

இந்த ஏற்பாட்டிற்கு அச்சாணியாக நின்றது நம் பக்கத்தார் 'செய்முறை' என்றும் 'மொய்' என்றும் வழங்கும் வழக்கம். ஒரு வீட்டில் விசேஷம் வந்தால் மற்ற வீட்டார் நெல்லாகவோ பணமாகவோ ஆளுக்குச் சிறிது கொடுப்பர். பெற்றவர் அதை நினைவில் வைத்து, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வர். வங்கியும் நிதியும் இல்லாத காலத்தில், பத்திரமும் ஜாமீனும் இன்றிப் பலர் சேர்ந்து ஒருவரைத் தாங்கிய ஏற்பாடு அது. நம் முன்னோர் அறிவுடையோர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆயினும் அக்காலமெல்லாம் பொற்காலமென்று கூறுவதும் பொருந்தாது. செலவை மிச்சப்படுத்தும் பொருட்டு ஒரே பந்தலில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மணமுடிக்கும் வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. மூத்தவளோடு பால்மணம் மாறாத இளையவளும் அன்றே மணைமேல் உட்கார நேர்ந்தது. சாரதா சட்டம் என வழங்கும் 1929-ஆம் வருஷத்துச் சட்டம் 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்து, பெண்ணுக்கு 14 வயதும் பிள்ளைக்கு 18 வயதும் நிரம்ப வேண்டுமென விதித்தது. குழந்தையின் வாழ்வைக் கொடுத்து வாங்கும் சிக்கனம் சிக்கனமாகாது என்பதை இதனால் அறிக.

பணம் புகுந்த காலம்

ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட திண்டுக்கல் சீமை, 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் வசமாயிற்று. 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வழியே திறக்கப்பட்டது. திண்டுக்கல்லில் சுருட்டும் பதனிட்ட தோலும் பூட்டும் செய்து வெளியூர்களுக்கு அனுப்பினர். புகையிலையும் நிலக்கடலையும் ரொக்கத்துக்கு விலைபோயின. கையில் பணம் புழங்கவே, இரவல் அண்டாவுக்கும் கீற்றுப் பந்தலுக்கும் பதிலாக, எல்லாம் விலைக்கும் வாடகைக்கும் வாங்கும் வழக்கம் மெல்ல மெல்லப் பரவிற்று. பணம் புழங்குமிடத்தில் கடனும் எளிதிற் கிடைக்குமல்லவா?

இருப்புப்பாதை வந்த அதே 1875-இல், பம்பாய் மாகாணத்தில் பூனா, அகமத்நகர் ஜில்லாக்களின் குடியானவர் லேவாதேவிக்காரர் வீடுகளிற் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினர். காரணத்தை விசாரிக்க அரசாங்கத்தார் ஒரு கமிஷன் நியமித்தனர். குடியானவன் விவாகத்திற்கு அளவின்றிச் செலவு செய்து கெட்டான் என்பதே அதிகாரிகள் பலர் எண்ணம். ஆனால் கமிஷனார், விவாகம் ஒருவன் வாழ்நாளில் சில தடவையே வருவதென்றும், கடனுக்கு அதையே முதற்காரணமாகச் சொல்வது மிகையென்றும் எழுதினர். இது நியாயமான சொல்லே. ஏழையின் வறுமைக்கெல்லாம் அவன் செய்த விருந்தே காரணமென்று வசதியுள்ளவர் சொல்வது எளிது.

எனினும் விவாகச் செலவு சில தடவையே வருமாயினும், அதற்கு வாங்கிய கடனின் வட்டி மாதந்தோறும் வருகின்றது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது நம் பக்கத்தார் எல்லோரும் அறிந்த வட்டி விகிதம். ஒருவர் 5 இலட்சம் ரூபாயை அந்த வட்டிக்கு வாங்கி மணமுடித்தால், மாதம் 10,000 ரூபாய் வட்டிக்கே போகும். 50 மாதங்களில் வட்டி மட்டும் 5 இலட்சமாகும்; முதல் சிறிதும் குறையாமல் அப்படியே நிற்கும். மகளுக்குப் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதிலும், பாட்டனார் அந்த ஒரு நாள் விருந்துக்கு வட்டி கட்டிக் கொண்டிருப்பார்.

கூடி வென்ற முயற்சிகள்

இனி, செலவைக் குறைக்க முயன்றோரின் வரலாற்றைப் பார்ப்போம். வடநாட்டில் சில வகுப்பாரிடையே விவாகச் செலவுக்கு அஞ்சிப் பெண் குழந்தைகளைக் கொல்லும் கொடுமை நிலவியமையால், அரசாங்கத்தார் 1870-இல் பெண் சிசுவதையைத் தடுக்க ஒரு சட்டம் செய்தனர். அச்சட்டத்தின்கீழ் விவாகச் செலவுக்கு வரம்பு விதிக்கவும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. பந்தற் செலவுக்கும் பெண்ணின் உயிருக்கும் உள்ள தொடர்பைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இஃது அத்தாட்சி. பின்னர் 1888-இல் ராஜபுதனத்தில் கர்னல் வால்டர் என்பவர் முயற்சியால் ராஜபுத்திரர் கூடி ஒரு ஹிதகாரிணி சபை அமைத்தனர். வருமானத்திற்குத் தக்கபடி விவாகச் செலவுக்கும் இழவுச் செலவுக்கும் அச்சபை வரம்பு விதித்தது; மணமகனுக்கு 18, மணமகளுக்கு 14 என வயதும் குறித்தது. சாரதா சட்டம் விதித்த அவ்வயதுகளை, அச்சட்டத்திற்கு 41 வருஷங்களுக்கு முன்னரே ஒரு வகுப்பார் தமக்குள் ஏற்றுக் கொண்டனர் என்பது கவனிக்கத் தக்கது.

நமது அண்டை நாடாகிய மலையாளத்தில் நடந்தது இன்னும் சிறந்த பாடம். அங்கே பெண் பருவமடையு முன் 'தாலிகெட்டுக் கல்யாணம்' என்றொரு சடங்கு பெருஞ்செலவில் நடந்து வந்தது. அதனால் மெய்யான விவாகத்தின் செலவு தீர்ந்துவிடுவதுமில்லை. அது பின்னர் வேறே வரும். ஸ்ரீ நாராயண குரு அச்சடங்கை அறவே விடும்படி கட்டளையிட்டார். விவாகத்திற்கு மணமக்கள், பெற்றோர், தோழர், புரோகிதர், ஊர்ப் பெரியவர் எனப் பத்துப் பேர் போதுமென்றும் வரையறுத்தார். 1903-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் இவ்வுபதேசத்தை ஊர்தோறும் கொண்டு சென்றது. தாலிகெட்டுக் கல்யாணம் ஒழிந்தே போயிற்று. இது நடந்தது எப்படி? ஒரு வீட்டார் மட்டும் விட்டிருந்தால் 'கையில் இல்லாதவன் விட்டான்' என்று ஊர் சிரித்திருக்கும். எல்லோரும் ஒருங்கே விட்டமையால் சிரிப்பதற்கு ஆளில்லாமற் போயிற்று.

பஞ்சாப் மாகாணத்தில் கூட்டுறவு இலாகாவினர் 'நல்வாழ்வுச் சங்கங்கள்' என்னும் பெயரால் கிராமந்தோறும் சங்கம் அமைத்தனர். அங்கத்தினர் தாமே கூடி விருந்து, நகை, ஊர்வலம் முதலியவற்றிற்கு அளவு குறித்தனர். மீறியவர் அபராதம் செலுத்தினர். நம் தமிழ்நாட்டிலோ, 1928 மே 28-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் கிராமத்தில் ஈ. வெ. ராமசாமிப் பெரியாரின் தலைமையில் முதலாவது சுயமரியாதை விவாகம் நடந்தது. புரோகிதமும் நீண்ட சடங்கும் இன்றி, பல நாள் விசேஷத்தைச் சில மணி நேரத்தில் முடிக்கலாமென்பதை அம்முறை காட்டிற்று. சென்னை ஐக்கோர்ட்டார் 1953-இல் இத்தகைய விவாகம் ஒன்று சட்டப்படி செல்லாதெனத் தீர்ப்பளித்தும், அம்முறையைக் கைக்கொண்டவர் அதை விடவில்லை. சி. என். அண்ணாதுரை முதன் மந்திரியாயிருந்த 1967-இல் சட்டமன்றம் இந்து விவாகச் சட்டத்தைத் திருத்தி, அவ்விவாகங்களைச் செல்லுபடியாக்கிற்று. கொள்கையில் அவ்வியக்கத்தாரோடு உடன்படுவாரும் மாறுபடுவாரும் நம்மிடையே இருக்கலாம். ஆனால் முப்பத்தொன்பது வருஷங்கள் சட்டத்தின் துணையின்றியே ஒரு வழக்கம் நிலைபெற முடிந்தது, கூடி நின்றோரின் உறுதியாலன்றோ?

நமது திண்டுக்கல்லுக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை 1947-இல் நிறுவிய டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1940-இல் காந்தியடிகளின் ஆசியுடன் மணந்து கொண்டவர்கள். டி. வி. சுந்தரம் ஐயங்காரைப் போன்ற பெருஞ்செல்வரின் மகளாரான அவ்வம்மையார் கதராடையோடு எளிய மணத்தை ஏற்றார். பின்னர் ஆத்தூர், வேடசந்தூர் தொகுதிகளிலிருந்து சட்டமன்றத்திற்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றத்திற்கும் இச்சமவெளியார் அவரைத் தேர்ந்தனுப்பினர். மணத்தை எளிதாக்கியதால் அவர்தம் கௌரவம் எள்ளளவும் குறைந்ததில்லை.

சட்டமும் சேமிப்பும் மட்டும் போதுமா?

நிற்க. சட்டத்தின் மூலமே இதனைச் சாதித்து விடலாமே என்பாருமுண்டு. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. 1984-இலும் 1986-இலும் அது கடுமையாக்கப்பட்டது. மணமக்களுக்கு வந்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டுமென்று 1985-இல் விதியும் செய்யப்பட்டது. அப்பட்டியலை எழுதிய குடும்பங்கள் எத்தனை? 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாதென்றனர். பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்ததே கண்ட பலன். மக்கள் பொன்னாசையை விட்டாரில்லை. 1968-இல் சட்டமாக்கப்பட்ட அக்கட்டுப்பாடு 1990-இல் ரத்தாயிற்று. விவாக ஆடம்பரத்தைத் தடுக்க 2016-இல் தனி அங்கத்தினர் ஒருவர் பாராளுமன்றத்திற்குக் கொணர்ந்த மசோதா சட்டமாகவில்லை. ஊராரின் மனம் மாறாத இடத்தில் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்று விடுகின்றது.

இன்னுஞ் சிலர், பெண் பிறந்த நாள் தொட்டே பணம் சேர்த்து வந்தால் துன்பமில்லை என்பர். சேமிப்பு மிகவும் நல்லதே. ஆனால் இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரத்தின் சரித்திரம் ஓர் எச்சரிக்கை தருகின்றது. 1425-இல் அந்நகர அரசாங்கத்தார் ஒரு சீதன நிதி ஏற்படுத்தினர். பெண் குழந்தையின் பேரால் தகப்பனார் ஒரு தொகை கட்டினால், குறித்த வருஷங்கள் கழிந்து அவள் மணமாகும்போது அது பெருகிக் கிடைக்கும். குடும்பங்கள் ஆவலோடு கட்டின. ஆனால் அந்த நூற்றாண்டில் அந்நகரத்துச் சீதனத் தொகைகள் ஏறிக் கொண்டே சென்றன. பெண் வீட்டாரிடம் இவ்வளவு இருக்கிறதென்று தெரிந்தால் பிள்ளை வீட்டார் அவ்வளவும் கேட்பர்! நம் நாட்டிலும் 1912-ஆம் வருஷத்துக்கு முன் விவாக நிதிகள் பல முளைத்தன. புதிதாய்ச் சேருவோர் பணத்தைப் பழைய அங்கத்தினருக்குக் கொடுக்கும் முறையில் நடந்தவை நிலைக்குமா? அவ்வாண்டில் அத்தகைய நிதிகளை மேற்பார்வை செய்யச் சட்டம் வந்தது; 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டம் பங்கீட்டு முறையையே தடுத்தது. ஆகவே கேட்பவர் கைக்கு வரம்பில்லாத வரையில், சேர்ப்பவர் கை மட்டும் சிக்கனமாயிருந்து பயனில்லை.

மொய் கடனான கதை

முன்னே நாம் புகழ்ந்த செய்முறையும் காலப்போக்கில் மாறிவிட்டது. பதிவு நோட்டில் எழுதுவதோடு நில்லாமல், ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் சொல்லப்படுகின்றன. கணிப்பொறி வைத்து ரசீதும் கொடுக்கின்றனர். பெற்றதைச் சற்றுக் கூட்டியே திருப்ப வேண்டுமென்பது எழுதாச் சட்டம். கொடுத்த மொய்யைத் திரும்பப் பெறுவதற்கென்றே காதணி விழாவும் வசந்த விழாவும் நடத்துகின்றவர் உண்டு. 'மொய் வருமே' என்ற தைரியத்தில்தான் பந்தலும் பத்திரிகையும் பெருக்கின்றன.

கணக்குப் பார்ப்போம். ஒருவர் குடும்பத்தோடு நால்வராய் வந்துண்டு 1,000 ரூபாய் எழுதுகின்றார் என்று வைத்துக் கொள்வோம். இலை ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் அவர்கள் உண்ட விருந்துக்கே அந்த 1,000 சரியாய்ப் போயிற்று. ஆனால் நோட்டில் அது கடனாகவே நிற்கின்றது. அவர் வீட்டு விசேஷத்தில் நாம் 1,000-க்கு மேல் எழுதியாக வேண்டும். அத்தகைய வீடுகள் 500 இருந்து, அவற்றின் விசேஷங்கள் 20 வருஷங்களில் பரவி வருமாயின், வருஷத்திற்கு 25 வீடு, 25,000 ரூபாய். கூட்டிச் செய்வதும் போக்குவரத்தும் இதிற் சேரவில்லை. நிலத்தில் விளைச்சலில்லாத வருஷத்தில் சித்திரையும் வைகாசியும் வந்தால், மொய்க்கே வட்டிக்கு வாங்குவோரை நாம் காணாமலில்லை. ஒருவரைப் பலர் தாங்கிய ஏற்பாடு, பலரையும் ஒருவருக்கொருவர் கடனாளியாக்கும் ஏற்பாடாயிற்று.

விலை கொடுத்தவர் யார்?

இவ்வளவு செலவுக்கும் கடைசியில் விலை கொடுத்தவர் யாரென்று பார்க்குங்கால் நெஞ்சு துணுக்குறுகின்றது. 1870-ஆம் வருஷத்துச் சட்டம் வடநாட்டுக் கதை என்று நாம் ஆறுதலடைய முடியாது. பெண் சிசுக்கள் கொல்லப்படும் செய்தி 1986-இல் நமது மதுரைச் சீமையிலிருந்தே வெளிவந்து நாட்டைத் திடுக்கிடச் செய்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நமது சமவெளிக்கும் அத்தொட்டில் வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

உயிரோடு வளர்ந்த பெண்ணும் தப்பவில்லை. 1990-ஆம் ஆண்டுகள் முதல் கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் ஏற்பாடு பரவிற்று. வேடசந்தூர் வட்டாரத்திலும் அத்தகைய ஆலைகள் பல. ஏழை வீட்டுப் பெண்கள், பதினைந்து பதினாறு வயதினரும் உட்பட, ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று வருஷம் உழைக்க வேண்டும். கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, முடிவில் ரூ. 30,000 முதல் 50,000 வரை மொத்தமாகக் கொடுப்பர். அது விவாகச் செலவுக்கு என்பது பெயரிலேயே விளங்கும். பஞ்சுத் தூசியால் நோயுற்றோ, வேலைப்பளு தாங்காமலோ இடையில் வீடு திரும்பிய பெண்கள் பலர் அத்தொகையை இழந்தனர். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வருஷங்களை ஆலையில் கழித்து, தன் கழுத்தில் ஏறும் பொன்னுக்குத் தானே கூலிக்கு உழைத்தாள் அப்பெண். விருந்துண்டு வாழ்த்திச் சென்ற நம்மில் எத்தனை பேர், அவ்விலையில் இடப்பட்டது அவளுடைய மூன்று வருஷமென்று நினைத்தோம்?

அரசாங்கத்தாரின் கருத்தும் இவ்விஷயத்தில் மாறி வந்திருக்கின்றது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் விவாகத்திற்கு நிதியுதவி தொடங்கிற்று. 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அதனை 'புதுமைப் பெண்' திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியிற் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கலாயினர். தாலிக்குக் கொடுத்தது ஏட்டுக்குக் கொடுக்கப்படுகின்றது. நமது வீடுகளிலும் இம்மாறுதல் நிகழவேண்டும்.

செய்யத் தக்கன

'ஊருக்கு அழைப்பில்லாமல் மணம் நடக்குமா?' என்று கேட்போருக்கு 2020-ஆம் வருஷம் விடை கூறிவிட்டது. கொள்ளை நோய்க் காலத்தில், விவாகத்திற்கு 50 பேருக்கு மேல் கூடலாகாதென்று அரசாங்கத்தார் விதித்தனர். வீட்டு முற்றத்திலும் சிறு கோயில்களிலும் மணங்கள் நடந்தன. அத்தம்பதிகளின் தாலிக்கு எவ்விதக் குறையும் நேரவில்லை; அழைக்காததற்கு எவரும் கோபிக்கவுமில்லை. ஏனெனில் வரம்பு எல்லோருக்கும் ஒன்றாயிருந்தது. நோய் விதித்த வரம்பை அன்பினால் நாமே விதித்துக் கொள்ளலாகாதா?

ஆகவே நம் சமூகத்தார் ஊர்தோறும் கூடிச் சில கட்டுப்பாடுகளைச் செய்து கொள்ள வேண்டுமென்று விண்ணப்பிக்கின்றோம். முதலாவது, நிச்சயதாம்பூலம், முதல்நாள் வரவேற்பு, மறுவீட்டு விருந்து என்று பிரித்து நடத்தாமல், ஒரு நாள், ஒரு வேளை விருந்து என்று வரையறுத்தல். இரண்டாவது, இலைத்தொகைக்கு வரம்பு குறித்து, செல்வரும் அதற்குட்பட்டே நடத்தல். செல்வர் மீறினால் ஏழை மீறியே தீருவான். மூன்றாவது, மொய்யை ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்தி, ஒரே சிறு தொகையாக எல்லோருக்கும் சமமாக்குதல். பழைய பாக்கிகளைப் பரஸ்பரம் தள்ளுபடி செய்து கொள்ளுதல். நான்காவது, பந்தற் சாமான், பாத்திரம், நாற்காலி முதலியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தல். ஐந்தாவது, இவ்வளவு நகை, இவ்வளவு ரொக்கம் என்று பேசும் சம்பந்தத்திற்குப் பெரியோர் எவரும் சபையில் முன்னிற்காதிருத்தல்.

வீட்டளவில் செய்யத் தக்கனவும் உண்டு. பெருமுகூர்த்த நாளில் நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை விலை பன்மடங்கு ஏறுவதையும், அன்று மண்டபமும் சமையற்காரரும் கேட்ட விலைக்கே கிடைப்பதையும் யாவரும் அறிவர். கூட்டமில்லாத நன்னாளைத் தேர்ந்தால் அதே பூ, அதே சோறு, குறைந்த செலவில் முடியும். காய்கறியை ஒட்டன்சத்திரம் சந்தையிலும், உறவினருக்கு எடுக்கும் சேலைகளைச் சின்னாளபட்டி நெசவாளரிடத்தும் வாங்கினால், பணம் நமது சமவெளியாரிடமே தங்கும். பந்தற்கால் ஊன்று முன்னரே, கையிலுள்ள பணம் இவ்வளவு, கடனின்றி ஆகக்கூடிய செலவு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, மணமக்கள் இருவரையும் அருகில் வைத்துக் கொண்டே முடிவு செய்க. 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி விவாகத்தைப் பதிவு செய்வதை மட்டும் மறவாதீர். ஆயிரம் பேர் கண்ட சாட்சியிலும் அந்த ஓர் ஏடு பெண்ணுக்கு உறுதியான பாதுகாப்பாகும்.

மிச்சப்படும் பணத்தை என்ன செய்வதென்ற கேள்விக்கும் தென்னாட்டுச் சரித்திரமே விடை தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகரத்து வியாபாரிகள் மகமைப் பணத்தையும், வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியையும் கொண்டு சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தனர். ஒரு பிடி அரிசியால் ஒரு பள்ளிக்கூடம் நிலைக்குமானால், ஒவ்வொரு விவாகத்திலும் நூறு இலை குறைத்தால் நம் ஊரில் எத்தனை பெண்கள் படிக்கலாம்!

சகோதர சகோதரிகளே, திண்டுக்கல் பூட்டுக்கு உலகமெங்கும் பெயருண்டு. எவ்வளவு உறுதியான பூட்டாயினும் ஊரார் ஏச்சுக்கு அஞ்சும் மனத்தின் முன் நில்லாது; அவ்வேச்சுத் தானே பெட்டியைத் திறந்துவிடும். அந்த அச்சத்தைத் தனியொருவர் வெல்லுதல் அரிது. கூடிய சமூகம் ஒரே நாளில் வெல்லலாம். ஆகையால் வருகின்ற தை முகூர்த்தத்திற்கு முன்பே ஊர்தோறும் கூட்டம் கூட்டி, வசதி படைத்தோர் முதலிற் கையெழுத்திட்டு, இவ்வரம்பைச் சமூகத்தின் கட்டுப்பாடாக்குவார்களாக. நம் பெண்மக்கள் கடனின்றிப் புகுந்த வீடு சென்று, கல்வியும் மக்கட்பேறும் பெற்று நீடு வாழ்வார்களாக.